கம்பளிக்குக் குரைக்கும் நாய்

காலையில் வேலைக்கு அழைக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் எழுவேன். அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் சவரம் செய்து முகம் கழுவிக்கொள்வேன். தேயிலைச் சாயத்தைக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். முதல் நாள் ரொட்டியில் பாதி எனக்கு, பாதி நாய்க்கு. பிறகு நாயை முற்றத்துக் கொய்யா மரத்தில் கட்டுவேன். ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கிற பெண்கள் என் வீட்டு வாசலைத் தாண்டி மலைக்குப் போவார்கள். தலைமேல் கறுப்புக் கம்பளி, முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. நாய் குரைக்கும். கடைசிப் பெண் ரோட்டு வளைவைத் தாண்டும்வரை குரைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கப் போவேன்.

வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. கண்டியில் காலேஜ் படிப்பை முடித்துவிட்டு அங்கே வாத்தியாராகப் போனேன். நாய் டோரீனுடையது. டோரீன் என் மனைவி. அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனபோது நாயைக் கொண்டுபோகவில்லை. அது பூட்டிய பங்களாவின் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தது. டோரீன் ஒரு பழைய சேலைக் கரையைக் கழுத்தில் கட்டி அதை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். பெரிய நாய். கறுப்பும் பழுப்பும். பெயர் ரோவர்.

அடுத்த ஜூலை மழையில் டோரீனுக்கு நிமோனியா கண்டது. இறந்துபோனாள்.

அவள் இருந்தபோது காலை நேரத்தில் நாய் எங்கே இருந்தது, குரைத்ததா, குரைக்கவில்லையா என்று எனக்கு நினைவில்லை. நான் கவனித்ததில்லை.

ஒரு நாள் கயிறு அறுந்தது. வரிசையின் கடைசியில் வந்தவள் ராக்காயி. நாற்பது வயதிருக்கும். வேலை வாங்குகிற கங்காணி போடுகிற சத்தத்தைவிட அவள் சத்தம் மலையில் தூரம் கேட்கும். நாய் அவள் கம்பளியைக் கவ்வி இழுத்தது. அவள் கூடையோடு ரோட்டோரக் கானுக்குள் விழுந்தாள். நான் ஓடிப்போய் நாயைப் பிடித்தேன். பல் தோலில் படவில்லை. கம்பளி மட்டும் பாதிக்குக் கிழிந்திருந்தது.

அவள் கானுக்குள் உட்கார்ந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, ஒங்க நாயிக்கி எங் கம்பளி எதுக்குங்க? ஒங்க வீட்டுல போத்திக்க ஒண்ணும் இல்லயா?"

முன்னால் போன பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கண்டாக்கு வந்தார். மலை வேலை முழுவதையும் மேற்பார்க்கிறவர் அவர். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

"மாஸ்டர், விசயம் தொரைக்கிப் போயிருச்சு. மாயாண்டிக்கி உத்தரவு குடுத்துட்டாரு. நாளைக்கி நாய கட்டியே வைங்க. அவன் வந்து பாத்துக்குவான்."

"என்ன பாக்க?"

"படிச்சவரு கேக்குற கேள்வியா இது? துவக்கு வச்சிருக்கிறவன் வேற என்னத்தப் பாப்பான்?"

மாயாண்டி தோட்டத்துக் காவல்காரர். பன்றி சுடுவதற்கென்று அவரிடம் ஒரு துவக்கு இருந்தது.

நான் அப்போதே துரையைப் பார்க்கப் போனேன். புதுத் துரை கொழும்பிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். என்னோடு இங்கிலீஷில் பேசினார். நாய்க்கு என்ன கோளாறு என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமல் என்ன செய்யப்போகிறீர் என்றார். கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும் என்றேன். டோரீன் இறந்தது அவருக்கும் தெரியும்.

"இந்த மாதக் கடைசியில் கொழுந்து மடுவத்துக்கு வருவேன். பெண்கள் நிறுவைக்கு வரிசையாக நிற்கும்போது நாயை அவர்கள் முன்னால் நடத்திக் காட்டும். மாயாண்டியும் அங்கே நிற்பான். ஒருத்தி மேல் பாய்ந்தால் அதோடு முடிந்தது" என்றார்.

வீடு திரும்பும்போதுதான் யோசித்தேன். அந்த நாயை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் பதில் தெரியாது. ஆனால் அதைச் சுட்டுவிட்டால் காலையில் ரொட்டியை ஏன் இரண்டாகப் பிய்க்க வேண்டும்? அந்த நினைப்பு நன்றாக இல்லை. துரை கேட்ட கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு என்னதான் கோளாறு?

பெண்களைக் கண்டால் ஆகாது என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் சொன்ன காரணம். பின்னேரம் அதே பெண்கள் என் வீட்டுக்குப் பக்கத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். நாயைக் கயிற்றில் பிடித்தபடி அருகில் கொண்டுபோனேன். அது ஒரு குடத்தை மோந்து பார்த்தது. ஒரு கிழவியின் காலை நக்கியது. அவ்வளவுதான். ஆகவே பெண்கள் இல்லை.

கூடையாக இருக்கலாம். கங்காணியிடம் ஒரு கூடை கேட்டு வாங்கி முற்றத்தில் கவிழ்த்து வைத்தேன். நாய் அதைச் சுற்றி வந்து காலைத் தூக்கியது. இதைக் கங்காணியிடம் சொல்லவில்லை. கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கம்பளியாக இருக்கலாம். தைத்துத் தருகிறேன் என்று ராக்காயியின் கிழிந்த கம்பளியை வாங்கி வந்திருந்தேன். கொடியில் போட்டேன். நாய் மோந்தது. என் முகத்தைப் பார்த்தது. படுத்துவிட்டது.

அப்படியானால் எது? கம்பளியை எடுத்து நானே தலையில் போட்டுக்கொண்டேன். கங்காணியின் கூடையை மறுபடியும் வாங்கி, அதன் கயிற்றைக் கம்பளிக்கு மேல் உச்சந்தலையில் மாட்டினேன். வீட்டுக்குப் பின்னால் போய், முன் பக்கமாகக் குனிந்து நடந்து வந்தேன். நாய் எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது. கயிறு இறுகும்வரை என்மேல் பாய்ந்து குரைத்தது. "ரோவர்" என்றேன். நின்றது. காதைத் தாழ்த்திக்கொண்டு வந்து என் கையை மோந்தது. மறுபடி பின்னால் போய்க் குனிந்து வந்தேன். மறுபடி குரைத்தது. என்னைத்தான்.

எனக்கு அது பிடித்திருந்தது. பல மாதங்களில் அப்படி ஒன்றும் பிடித்ததில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்தேன்.

மறுநாள் ராக்காயி கம்பளி கேட்டு வந்தாள்.

"தைக்கத்தானே வாங்கிட்டுப் போனீங்க? போட்டுக்கிட்டு முத்தத்துல கொழுந்து எடுத்தீங்களாமே?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லல? மடுவத்துல இன்னைக்கி அதான் பேச்சு. கங்காணி கேக்குறாரு, வாத்தியாருக்கு அரைப் பேரு போடவா, முழுப் பேரு போடவான்னு."

தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய கூலி எழுதுவது. நான் கம்பளியைக் கொடுத்தேன். தையல் கோணலாக இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா இருந்திருந்தா நேரா தைச்சிருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாதி தெரிந்தது. கம்பளியும் கூடையும் சேர்ந்து, முகம் தெரியாத ஒரு உருவம் நடந்து வந்தால் நாய் நிலைகுலைகிறது. ஆனால் எந்த இடத்தில்? பள்ளிக்கூடத்துக்குக் கீழே ரோட்டோரமாகச் சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கும். பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் நாயோடு மானாப்புல்லுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பெண்கள் வரிசையின் தூரக் கோடி மரத்தருகே வரும்போது நாய் காதை நிமிர்த்தும். சத்தம் இல்லை. அதற்கு இப்பாலுள்ள மரத்தைத் தாண்டினால் மூச்சு மாறும். வாயை மூடிக்கொள்ளும். இன்னும் ஒரு மரம் வந்துவிட்டால் குரைப்புதான்.

பையில் நெத்தலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். கோடி மரத்தில் பெண்கள் நிற்கும்போது ஒன்றைக் கொடுத்தால் சாப்பிட்டது. அடுத்த மரத்தில் வாங்கி வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றது. அதற்கும் இப்பால் மூக்கின் மேலேயே வைத்தாலும் தெரியவில்லை. கருவாடு விழுந்ததுகூட அதற்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் கேட்காது, அடித்தாலும் உறைக்காது என்று அப்போது விளங்கியது. அதோடு பேச முடிந்த இடம் கோடி மரம்தான். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த வாரம் சோலைமலையைப் பார்த்தேன். பழைய துரையின் பங்களாவில் சமையல் பார்த்தவர். இப்போது லயத்தில் மகன் வீட்டில் இருந்தார். நாய் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது எப்படிங்க கொரைக்காம இருக்கும்? அதுக்குத்தான வளத்தாரு."

"எதுக்கு?"

"பங்களாவுக்குப் பின்னால பூப்பாத்தி. மலைக்கிப் போற பொம்பளைங்க அதுக்குள்ளாற குறுக்கால போவாங்க. தொரைக்கி அது ஆகாது. நாய அவுத்து வுடுவாரு. வெரட்டிட்டு வந்தா கையத் தட்டி 'குட் பாய், குட் பாய்'ம்பாரு. பிஸ்கோத்து குடுப்பாரு." பிறகு சேர்த்துக்கொண்டார்: "பிஸ்கோத்து சுட்டது நாந்தாங்க."

"கம்பளி போட்டவங்கள மட்டுமா வெரட்டும்?"

"கம்பளி போடாதவங்க யாருங்க அந்தப் பக்கம் போவா?"

நாய்க்குக் கோளாறு ஒன்றும் இல்லை. அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. துரை போய்விட்டார் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது. அப்படித்தான் முதலில் எண்ணினேன். ஆனால் அடுத்த முறை குரைக்கும்போது கவனித்தேன். பின்னங்கால்கள் நடுங்கின. வேலை பார்க்கிறவனுக்குக் கால் நடுங்காது. அதற்குப் பயமும் இருந்தது. பயந்து குரைத்ததைப் பார்த்துத் துரை பிஸ்கோத்து கொடுத்தாரா, குரைத்துக் குரைத்துப் பயம் வந்ததா? எது முதலில் என்று எனக்கு இன்றும் தெரியாது.

எப்படியானாலும் கம்பளியைக் கண்டால் குரைக்காமலேயே நல்லது கிடைக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்குக் கம்பளி போட்ட ஒருத்தி வேண்டும். நாய் சும்மா இருந்தால் கிட்டே வருகிறவள், நாய் இழுத்தால் நின்றுவிடுகிறவள். லயத்துக்குப் போனேன். ராக்காயி தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னயக் கடிக்க வந்த நாயிக்கி நானே சோறூட்டணுமாக்கும்?"

"ஊட்ட வேணாம். தூரத்துல நடந்தா போதும்."

"நடக்குறதுக்குப் பேரு போடுவீங்களா?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

"அப்ப புதுக் கம்பளி."

"சரி."

"செவப்புக் கரை போட்டது."

"சரி."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. சாம்பல் கையோடு எழுந்து நின்றாள்.

"பாஞ்சா?"

"கயிறு எங் கையில இருக்கும்."

"போன தடவ கயிறு எங்க இருந்துச்சு?"

"இந்தத் தடவ ரெண்டு கயிறு" என்றேன்.

ஹட்டனுக்குப் போய்ப் புதுக் கம்பளி வாங்கி வந்தேன். முதல் நாள் அதைப் போட்டு, கூடையும் மாட்டிக்கொண்டு ராக்காயி கோடி மரத்திலிருந்து நடந்தாள். நாய் பார்த்தது. குரைக்கவில்லை. அவள் அடுத்த மரத்துக்கு வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். நாய் கொட்டாவி விட்டது.

"பாத்தீங்களா?" என்று அங்கிருந்தே கத்தினாள். "புதுசுன்னா நாயிக்கும் மரியாத!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருகில் போய்க் கம்பளியை மோந்து பார்த்தேன். கடை வாசம். பழையதில் அடுப்புப் புகையும் கொழுந்துப் பாலும் மழையும் ஊறியிருந்தன. விறைப்பாக இருந்ததால் அவள் உருவமும் வேறாகத் தெரிந்தது. நாய் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. ஆகவே இது உதவாது. பழையதைப் போட்டு வரச் சொன்னேன்.

"புதுசு வாங்கிக் குடுத்துட்டுப் பழசப் போடச் சொல்ற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்" என்றாள். போட்டு வந்தாள்.

அதன்பிறகு காலையில் பெண்கள் போகும்போது நாயை உள்ளே பூட்டினேன். தினமும் பின்னேரம் பாடம் நடந்தது. அவள் கோடி மரத்தில் தோன்றுவாள். நாய் அவளைப் பார்த்தவுடன் ஒரு நெத்தலி கொடுப்பேன். பார்த்தால் மீன். பார்த்தால் மீன். கயிறு தளர்ந்திருந்தால் அவள் கொஞ்சம் கிட்டே வருவாள். கயிறு இறுகினால் நான் கையைத் தூக்குவேன். அவள் அந்த இடத்திலேயே திரும்பி முதுகைக் காட்டி நிற்பாள். அவள் திரும்பிவிட்டால் மீனும் நின்றுவிடும். நாய் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். பிறகு உட்காரும். உட்கார்ந்ததும் அவள் திரும்புவாள்.

"இதுக்கு முதுகக் காட்டிக் காட்டி எனக்கு இடுப்பு வலிக்குது" என்பாள். "எம் புருசன்கிட்டகூட இவ்வளவு கோவிச்சுக்கிட்டது இல்ல."

ஒரு நாள் நான் அவசரப்பட்டேன். நாய் நன்றாக இருந்தது என்று எண்ணி ஒரே மூச்சில் நாங்கள் நின்ற இடம்வரை வரச் சொன்னேன். அவளும் வந்தாள். நாய் வெடித்தது. இரண்டு கயிறும் இல்லாவிட்டால் அன்றே மாயாண்டிக்கு வேலை வந்திருக்கும். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் கோடி மரத்துக்கும் அப்பால் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கேருந்தே தொடங்குவோம்" என்று கத்தினாள். "ரெண்டு பேருக்கும்தான்!"

மறுபடி கோடி மரத்திலிருந்து வந்தோம். மெதுவாக வந்தோம். மழை நாளில் வந்தோம். நனைந்த கம்பளிக்கு வேறு வாசம். அதற்குத் தனியாகப் பாடம் வேண்டியிருந்தது. மாதக் கடைசி நெருங்கியபோது அவள் கைக்கெட்டும் தூரத்தில் நடந்து போனாள். நாய் அவளைப் பார்த்துவிட்டு என் பையைப் பார்த்தது. அன்றைக்கு அவள் என்னிடம் கேட்காமலே மடியிலிருந்து ஒரு நெத்தலியை எடுத்து நீட்டினாள். நாய் அவள் விரலில் பல் படாமல் வாங்கிக்கொண்டது. அவள் விரலைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் லயத்துக்கு ஓடினாள். லயத்தில் நிறையச் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

துரை வந்த அன்று தூறல். எல்லோரும் கம்பளி போட்டிருந்தார்கள். மடுவம் என்பது நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. நடுவில் தராசு. தராசுக்குப் பக்கத்தில் கண்டாக்கு. துரை ஒரு தூணில் சாய்ந்து நின்றார். மாயாண்டி துவக்கோடு ஓரமாக நின்றார். நான் தாண்டிப்போகும்போது மெதுவாகச் சொன்னார்:

"நாய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்கய்யா. மனசுல வச்சுக்காதீங்க."

பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். ராக்காயி நடுவில். அத்தனை கம்பளியை ஒரே இடத்தில் நாய் சமீபத்தில் பார்த்ததில்லை. நான் பயந்தது அதற்குத்தான். ஆனால் நாய் நன்றாகவே நடந்தது. காது நிமிர்ந்திருந்தது, கயிறு தளர்ந்திருந்தது. வரிசையின் முதல் ஆளை நெருங்கும்போது அதன் மூக்கு மேலே போனது.

எனக்கும் அடித்தது. மடுவத்தில் எப்போதும் பச்சைக் கொழுந்து வாசம்தான். அன்று கருவாட்டுக் கடை வாசம்.

முதலில் நின்ற பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, இடுப்புச் சாக்கைத் தட்டிக் காட்டினாள். அடுத்தவளும் தட்டினாள். நாய்க்கு மீன் கொடுத்தால் கும்பிடும் என்று ராக்காயி சொல்லியிருக்கிறாள். நாய் பிழைக்கட்டும் என்று ஆளுக்கொரு பிடி நெத்தலியை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வரிசை முழுவதும்.

நாய் பாய்ந்தது. வால் சுழன்றது, வாயில் முனகல். அது சந்தோஷம். ஆனால் தூணில் சாய்ந்து நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? பெரிய நாய் ஒன்று இரண்டு காலில் எழும்பிப் பெண்கள் மேல் விழப்பார்க்கிறது. ஒரு சின்னப் பெண் வீரிட்டாள். கூடை சரிந்து கொழுந்து கொட்டியது. அந்தச் சத்தத்தில் நாயின் முனகல் மாறியது. முதுகு மயிர் எழும்புவதைப் பார்த்தேன். கயிறு கையை அறுத்தது. மாயாண்டி துவக்கைத் தூக்கினார்.

நான் கையை உயர்த்தினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. பழக்கத்தில் உயர்த்தினேன்.

"எல்லாரும் திரும்புங்கடி!" என்றது ராக்காயியின் குரல். "முதுகக் காட்டுங்க! ஒருத்தியும் அசையாதீங்க!"

அவள் முதலில் திரும்பினாள். இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். வரிசை முழுவதும் துரைக்கு முதுகைக் காட்டி நின்றது. கறுப்புக் கம்பளியும் கூடையும் மட்டும் தெரிந்தன.

கங்காணி பதறிப்போனார். "ஏய்! தொர நிக்கிறாரு! எவடி முதுகக் காட்டச் சொன்னது? திரும்புங்கடி!"

"திரும்பித்தாங்க நிக்கிறோம்" என்றது ஒரு குரல்.

"இந்தப் பக்கம் திரும்புங்கடி!"

கண்டாக்கு தராசை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "என்ன மாஸ்டர் இது, ஸ்ட்ரைக்கா? எதுக்கு ஸ்ட்ரைக்கு? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவை இழுத்தது. இன்னொரு தடவை இழுத்தது. எல்லா முதுகையும் பார்த்தது. பின்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. கயிறு தளர்ந்தது. உட்கார்ந்தது.

"ஒக்காந்துருச்சா?" என்றாள் ராக்காயி, திரும்பாமலே.

"ஒக்காந்துருச்சு."

"அப்ப ஒவ்வொருத்தியா மெதுவா திரும்புங்க. மடியில யாரும் கைய வைக்கக் கூடாது. வச்சீங்க, நாயி விட்டாலும் நான் விட மாட்டேன்."

திரும்பினார்கள். நாய் அசையவில்லை. நான் அதை எழுப்பி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்தினேன். எச்சில் ஒழுகியது. ஒவ்வொருத்தியின் முன்னாலும் மூக்கு ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. கூடை சரிந்த பெண்ணின் முன்னால் மட்டும் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாய் தரையில் கொட்டிய கொழுந்தை மோந்துவிட்டு நடந்தது. கயிறு கடைசிவரை இறுகவில்லை.

மாயாண்டி துவக்கை எப்போது இறக்கினார் என்று நான் பார்க்கவில்லை.

"அவர்கள் ஏன் எனக்கு முதுகைக் காட்டினார்கள்?" என்று துரை கேட்டார்.

"உங்களுக்கு இல்லை. நாய்க்கு" என்றேன்.

"நாய்க்கு?"

"முதுகைக் காட்டினால் அது உட்காரும்."

அவர் நாயைப் பார்த்தார். அது தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திரும்பிப் பார்த்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் எப்போதும் கயிற்றோடுதான் போக வேண்டும் என்றார். மாயாண்டியைப் போகச் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது மூக்கைச் சுளித்து, இங்கே ஏன் கருவாடு நாறுகிறது என்று கண்டாக்கிடம் கேட்டார். கண்டாக்குக்குத் தெரியவில்லை. ஜீப் போன பிறகு முதல் கூடையைக் கொட்டியபோது தெரிந்தது.

"அடியே, கொழுந்துல நெத்தலி கெடக்கு! தேயில அரைக்கிற ஸ்டோருக்கு இது போனா என்னய வறுத்துருவாங்கடி! ஒதறுங்க, எல்லாரும் ஒதறுங்க!"

அவர்கள் உதறினார்கள். விழுந்ததை நாய் பொறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது யாரும் அதைத் தடுக்கவில்லை.

வேலை விட்டதும் ராக்காயி என்னோடு நடந்து வந்தாள். தூறல் நிற்கவில்லை. அவள் கம்பளியைப் போட்டிருந்தாள். கோணல் தையல் போட்ட பழைய கம்பளி. நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது.

"நெத்தலி யார் யோசனை?" என்று கேட்டேன்.

"எல்லாரு யோசனையுந்தான். என்னோடது இல்லன்னு சொல்ல மாட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "ஒரு விதமா டீச்சரம்மா சொல்லு நெறவேறிருச்சு. இனி அவங்க ஆத்துமா நிம்மதியா இருக்கும்."

"என்ன சொல்லு?"

"என்னங்க, தெரியாதமாதிரி கேக்குறீங்க? போறப்ப ஒங்க கையப் புடிச்சு, 'நாயக் கைவிட்டுறாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடுனாங்க. லயம் பூரா தெரியும். இல்லன்னா நீங்க எதுக்குக் கம்பளியப் போட்டுக்கிட்டு முத்தத்துல நடக்குறீங்க? அதுக்காகத்தாங்க அத்தன பேரும் மடியில கட்டிக்கிட்டு வந்தாளுக. செத்தவங்க சொல்லு விழக் கூடாதுன்னு."

நான் நின்றேன். நாயும் நின்றது.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

"சொல்லலயா?"

"நாயப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

ராக்காயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கம்பளிக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நாயின் தலையில் கையை வைத்தாள். அது தலையைக் கொடுத்தது.

"பின்ன என்னதாங்க சொன்னாங்க?"

அதுவரை யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. சர்ச் சாமியார் கேட்கவில்லை. டோரீனின் அம்மா கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் சொன்னேன். அந்தக் கடைசி இரவில் நான் அரிக்கேன் விளக்கை டோரீன் முகத்துக்கு மிகவும் பக்கத்தில் பிடித்திருந்தேன், மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அவள் கண்ணைப் பாதி திறந்தாள்.

"கண்ணு கூசுது. வெளக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க."